அப்பா கட்டிய அம்மா வேஷம்

மீசை இல்லாத அப்பாவோடு தெருவில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீலசந்திராவில் எங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த தமிழ் மன்றத்துக் கூடத்தில், பொங்கல் முடிந்ததும் ஞாயிறுதோறும் நாடகம் நடக்கும். கோடை மழைக்குள் முடித்துவிட வேண்டும். கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பெய்தால் மேடையில் பேசுவது முதல் வரிசைக்கே கேட்காது. நடிப்பவர்கள் எல்லோரும் பீன்யா தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். தங்கள் வீட்டுப் பெண்களை மேடையேற்ற ஒருவருக்கும் துணிச்சல் இல்லாததால், பெண் வேஷத்தையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் நான்காவது படித்த வருடம், நாயகி வேஷம் லேத் மெஷின் ஓட்டும் என் அப்பா தலையில் விழுந்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. வேலை தேடி ஊர் ஊராகப் போகும் கணவன், வீட்டில் காத்திருக்கும் மனைவி. கணவனாக நடித்தவர் என் சித்தப்பா. தம்பிக்கு அண்ணனே பெண்டாட்டி என்று வீட்டில் சிரித்துத் தீராது. அம்மா மட்டும் சிரிக்காமல், தன் பச்சை வாயல் சேலையை மடித்து அப்பாவின் பையில் வைப்பாள். கைக்குழந்தையாக இருந்த என் தம்பி கூடத்தில் அழுவான் என்று அவள் நாடகம் பார்க்க வந்ததில்லை.

நான் முதல் வாரமே போனேன். மேடையில் அப்பா முந்தானையை இடுப்பில் செருகி, சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார். பதில் சொல்லப் பிடிக்காதபோது கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். பக்கத்தில் இருந்த எதிர்வீட்டுக் கன்னட அக்கா, "நிம்மம்மா தரானே" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். அப்படியே உன் அம்மா மாதிரி என்று. கூடமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாலு பேர் முன்னால் அப்பா என் அம்மாவைக் கேலி செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அப்பா விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் போவார், வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், தூங்கிவிடுவார். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. இந்த லட்சணத்தில் இந்தக் கேலியும் தெரிந்தால், அம்மா பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று பயந்தேன். நாடகம் எப்படி என்று அவள் கேட்கும்போதெல்லாம், "ஒண்ணும் நல்லால்லம்மா, தூக்கம் தூக்கமா வருது" என்று புளுகினேன்.

கடைசி ஞாயிறு, குழந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எதிர்வீட்டு அக்கா அம்மாவைக் கிளப்பிவிட்டாள். நான் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்து என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

பாதி நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் ஜல்லி கொட்டுவது போல் சத்தம். கணவன் ஊரை விட்டுக் கிளம்பும் கட்டம். சித்தப்பா தொண்டை கிழியக் கத்தியும் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. மனைவி அழுது புலம்பி ஒரு பக்க வசனம் பேச வேண்டும். அப்பா பேசவில்லை. வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து நின்றார். முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். சித்தப்பா மேடையை விட்டுப் போன பிறகும் அப்படியே நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது குடைக்குள் கேட்டாள்:

"ஏண்டி, காலைல நான் கதவாண்ட நிக்கறத அப்பாகிட்ட சொன்னியா?"

"சத்தியமா இல்லம்மா."

"திரும்பிக்கூடப் பாக்காம விறுவிறுன்னு போயிடுவாரே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று சண்டை வரவில்லை. நனைந்து வந்த அப்பாவிடம் துண்டை நீட்டினாள். அவர் வழக்கம்போல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அம்மாவை அழவைத்தவர் என்று நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மா துணி மூட்டை கட்டுகிறாளா என்று தினமும் வேவு பார்த்தேன்.

எங்கள் சந்து முனையில் ஒரு மாவு மில் உண்டு. அதைத் தாண்டித் திரும்பினால் அப்பாவின் கம்பெனி பஸ் வரும் ரோடு. பல வருடங்கள் கழித்து, முதல் வேலைக்குப் போன அன்று விடியற்காலையில், அந்தத் திருப்பத்தில் ஏனோ நின்று மில் சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து எங்கள் வாசல் நன்றாகத் தெரிந்தது. அம்மா நிலையில் சாய்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவோடு பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்துக்கு அப்போதுதான் வெட்கப்பட்டேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை.