வேன் நகரவில்லை, அதனால் வேலை பூஜ்யமாம்

எங்கள் அண்ணன் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்து, காட்டில் பாடுபட்டுக்கொண்டே படித்து, இயற்பியல் ஆசிரியரானார். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே. இவ்வளவு நல்ல மனிதரோடு ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் பாடு தெரியும்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றால், "நீ இப்ப வேலையே செய்யல" என்பார். விசை கொடுத்தால் மட்டும் போதாதாம். அந்தத் திசையில் பொருள் நகரவும் வேண்டுமாம். அண்ணி சலித்துப்போய், "சரிங்க, சோறு தானா வெந்து தட்டுக்கு வரும், உக்காந்திருங்க" என்பார்.

ஒருமுறை வத்தல்மலை ஏறும்போது, முன்னால் போன வேன் வளைவில் நின்றுபோய், பிரேக் சரியாகப் பிடிக்காமல் பின்னால் நழுவியது. உள்ளே பெண்களும் குழந்தைகளும். பின்னால் பள்ளம். அண்ணன் தன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடி, வேனுக்கு முதுகு கொடுத்தார். மலைக்காரர் இருவர் தோள் கொடுத்தார்கள். வேன் நின்றது. எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைக்கும்வரை மூவரும் அசையவில்லை.

ஊரார் பாராட்டு விழா வைத்தார்கள். அண்ணன் சால்வையைத் தடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் முட்டுக் கொடுத்தப்ப வேன் நகரவே இல்லைங்க. அதனால அது மேல நான் செஞ்ச வேலை பூஜ்யம். செய்யாத வேலைக்குச் சால்வை எதுக்குங்க?"

கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கேட்டேன்: "அப்பறம் அண்ணி தினமும் உன் முதுகுக்குத் தைலம் தேய்க்கறது எதுக்கு?"

"அது தசைக்குள்ள நடந்தது. வேனுக்கு ஒண்ணும் போகல."

"வேன்ல இருந்தவங்களுக்குப் போச்சில்ல?"

அண்ணன் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய்விட்டார்.

சென்ற ஆண்டு இதயம் பலவீனப்பட்டு மருத்துவமனையில் படுத்தார். "ஒரு வேலையும் செய்யக் கூடாதுங்க" என்றார் டாக்டர். "இதயம் ரத்தத்தைத் தள்ளுதுங்களே, அதையும் நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்றார் அண்ணன். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதுவும் நின்றுவிட்டது.

மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து இறுதிச் சடங்குவரை உடன் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனின் இந்த நினைவு மலரின் அட்டைக்குப் படம் தேடி அலுத்துவிட்டோம். கேமராவைக் கண்டாலே நழுவிவிடுகிறவரிடம் என்ன கிடைக்கும்? கடைசியில், அந்த வேனில் வந்த ஒரு பெண் தன் போனிலிருந்து ஒன்று அனுப்பினார். பல்லைக் கடித்து, முகம் கோணி, கழுத்து நரம்பு புடைக்க அண்ணன் வேனைத் தாங்கி நிற்கிறார். இப்படியொரு முகத்தையா அட்டையில் போடுவது என்று கேட்ட உறவினர்களுக்கு: ஆமாம், இதைத்தான் போட்டிருக்கிறோம்.

— தங்கை