மூன்றாவது கை

மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மணியடிக்கவென்று லிஃப்ட் மெக்கானிக் செய்திருந்த சிறு மின்னணு போர்டு, செவ்வாயன்று வாயைத் திறக்கவில்லை. வழிந்த தண்ணீர் கூரை வழியே இறங்கியதில், ஆசிரியையான அவர் மனைவி திருத்தி வைத்திருந்த நாற்பது விடைத்தாள்களின் சிவப்பு மை முழுவதும் கரைந்துபோயிற்று. அன்று முதல் அவளும் வாயைத் திறக்கவில்லை.

பிழை புரோகிராமில் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து புதியதை ஏற்றப் போனால் போர்டு ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முயற்சியையும் அவர் தேதியிட்டு நோட்டில் எழுதினார். பதினேழாவதில் காரணம் பிடிபட்டது. ஆட்டங்கண்ட கேபிளை ஒரு கை தாங்க, போர்டிலுள்ள ‘பூட்’ பொத்தானை இன்னொரு கை அழுத்திப் பிடிக்க, ‘ரீசெட்’ பொத்தானை வேறொரு கை தட்ட வேண்டும். கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்ததும் நோட்டில் பதிவாயிற்று: “பலனில்லை.”

“இந்தாம்மா, ஒரு விரல் வேணும்” என்றார், சுவரைப் பார்த்து.

அவள் வந்து ரீசெட்டைத் தட்டினாள். திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியது.

“தட்டத்தான் வந்தேன். பேச வரல.”

“சரிம்மா.”

“பேசினா, அந்த நாப்பது பேப்பரை யார் திருத்துறதுன்னு கேக்க வேண்டியிருக்கும்.”

நூறு சதவீதம் ஆனது. அவர் நோட்டை மூடிவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடினார்.