தரையில் வரைந்த ஊர்

நாச்சிமுத்து வாத்தியார் முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தினார். அதில் ஊர்ப் படத்தைத் தரையில் வரைந்து நடத்தியது ஒரே ஒரு தடவைதான். அப்படி ஒரு பாடத்தை ராசிபுரத்துப் பக்கத்தில் அதுவரை யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவார். சுண்ணாம்பு கிடைக்காத ஊரும் உண்டா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

சேலத்தில் வாத்தியார் பயிற்சி முடித்து, 1929இல் அவர் கருவேலம்பாளையத்துக்கு வந்தபோது வயது இருபத்தாறு. மற்றவர்கள் சர்டிபிகேட்டும் பிரம்புமாக வேலைக்குச் சேர்வார்கள். இவர் ஒரு கோணிப்பை நிறையக் குப்பையோடு வந்து இறங்கினார். பழைய ரயில் டிக்கெட்டு, தறியில் ஓடி உடைந்த நாடாக்கட்டை, பட்டுப்பூச்சிக் கூடு, மருந்துப் புட்டி, ஊசி போன தராசு என்று அதில் இல்லாதது இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு கரும்பலகையும் அரை டப்பா சாக்குக்கட்டியும்தான். அதை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டச் சொன்னால் எவனுக்கும் எரிச்சல் வரும். இவருக்கு உற்சாகம் வந்தது. ரயில் டிக்கெட்டில் கூட்டல் சொல்லிக்கொடுத்தார், தராசை வைத்துப் பின்னம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த வாரத்துக்கான பாடக் குறிப்பு எழுதுவார். என்ன பாடம், என்ன பொருள் வேண்டும், முதல் கேள்வி எது, பிள்ளை தப்பாகச் சொன்னால் அடுத்த கேள்வி எது என்று வரிவரியாக இருக்கும். அவர் மனைவி நல்லம்மாள், கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இத்தனை ஏற்பாடு செய்யவில்லை என்பாள்.

பள்ளிக்கூடம் நூல் வியாபாரி சின்னுசாமி கட்டிக்கொடுத்தது. அவர்தான் மேனேஜர். அவருடைய நூல் கிடங்கும், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட மாவு அடுக்கி வைத்திருக்கும் கொட்டடியும் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே இருந்தன. ஊரில் தொண்ணூறு குழித்தறி, தரையில் குழி வெட்டிப் பதித்த தறிகள். எல்லாவற்றுக்கும் நூலும் மாவும் அங்கிருந்துதான் போயின.

வந்த மூன்றாவது வருஷம் தை மாதத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பூகோளம் தொடங்கினார். முதலில் வகுப்பறை, பிறகு தெரு, பிறகு ஊர் என்று போக வேண்டும் என்பது விதி. புத்தகத்தில் இருந்ததோ எந்த ஊர் என்றே தெரியாத ஓர் ஊரின் படம். நாச்சிமுத்து அதை மூடி வைத்தார். பின்கூடத்துத் தரையைச் சாணி போட்டு மெழுகச் சொன்னார். சுண்ணாம்புக் கரைசலில் நாலு தெருவையும் ஏரியையும் கோயிலையும் வரைந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு ஓர் ஓட்டுச் சில்லு கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தது. எந்த வீட்டில் எத்தனை தறி என்று கேட்டுவந்து, தறிக்கு ஒன்றாக ஆமணக்கு விதை வைத்தார்கள். மாட்டுக்குச் சோளம், ஆட்டுக்குக் கம்பு. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. மணி அடித்தும் வீட்டுக்குப் போகாமல் தரையிலேயே கிடந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அல்ல, அதற்கடுத்த செவ்வாய் இன்ஸ்பெக்டர் வருவதாகக் காகிதம் வந்திருந்தது. வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று வாத்தியாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை, நெசவுக்கார அம்மாசியின் மகள் மாரியாயி எழுந்து நின்றாள். ஒன்பது வயது. எதையும் எண்ணாமல் விடாத பிள்ளை. உயிரோடு இருப்பதைத்தான் வைக்க வேண்டுமா, செத்ததையும் வைக்கலாமா என்று கேட்டாள்.

“எங்கூட்டுல ரெண்டு எலி செத்துக் கெடந்துச்சுங்க சார்” என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துக்கொண்டே, சரி, செத்த எலிக்குப் புளியங்கொட்டை என்றார். அதோடு வேறு நாலு பேர் எழுந்தார்கள். எங்கள் வீட்டில் ஒன்று, எங்கள் அத்தை வீட்டில் மூன்று என்று ஆளாளுக்கு வைத்தார்கள். மறுநாள் காலையில் எண்ணினால் முப்பத்தெட்டு புளியங்கொட்டை. மாவுக் கொட்டடியைச் சுற்றித்தான் அதிகம். அங்கிருந்து மேலத்தெருவுக்கு ஒரு வரிசை கிளம்பியிருந்தது.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. எலி விழுந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலத்தில் படித்தபோது பிளேக்கில் ஒரு தெருவே காலியானதை அவர் கண்ணால் பார்த்தவர். ஊர் ஜனங்களுக்கும் அது தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டில் விழுந்த ஒன்றிரண்டு எலியை மட்டும் பார்த்தான். வெளியே சொன்னால் அதிகாரிகள் வந்து கூரை ஓட்டைப் பிரிப்பார்கள், ஊரைக் காலி பண்ணு என்பார்கள். அதற்குப் பயந்து வாலைப் பிடித்துக் கொல்லையில் வீசிவிட்டுச் சும்மா இருந்தான். பக்கத்து வீட்டுக்காரனும் அதையே செய்தான். மொத்தமும் தெரிந்தது அந்தத் தரைக்கு மட்டும்தான். அந்தத் தரையைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்.

அவர் நேரே மேனேஜரிடம் போனார். சின்னுசாமி கெட்டவர் இல்லை. அவருடைய வீடும் அதே கிடங்கின் பின்னால்தான் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்ன கணக்கு வேறு. தொண்ணூறு தறியிலும் பாவு ஏறியிருக்கிறது. குழித்தறியைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஏறின பாவை நெய்து முடிக்காமல் பாதியில் விட்டுப் போனால் வீட்டுக்கு ஆகாது என்று எந்த நெசவுக்காரனும் எழுந்திருக்க மாட்டான்.

“பன்னெண்டு நாளு பொறுங்க வாத்தியாரே. பாவு எறங்கீரும். உங்க இன்ஸ்பெக்டரும் வந்துட்டுப் போயிருவாரு. அப்புறம் நானே சொல்றனுங்க” என்றார் சின்னுசாமி.

நாச்சிமுத்து சரி என்றார்.

மேனேஜருக்குப் பயந்துதான் சரி என்றார் என்று, விஷயம் வெளியே தெரிந்த பிற்காலத்தில் அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் உண்டு. அது பொய். அவர் யாருக்கும் பயந்த ஆள் இல்லை. இன்ஸ்பெக்டர் அந்தத் தரையைப் பார்க்க வேண்டும். இது யாருடைய யோசனை என்று கேட்க வேண்டும். அந்த ஆசை அவர் வாயைக் கட்டிவிட்டது. ஊர் காலியானால் பிள்ளைகள் ஏது, பாடம் ஏது? நல்லவனுக்கு வரும் இந்த மாதிரி ஆசை இருக்கிறதே, அதைப் போல ஆபத்தானது வேறில்லை.

அன்றே புளியங்கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இனி செத்ததை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஏன் என்று மாரியாயி கேட்டாள். வைக்க வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். காரணம் சொல்லாமல் அவர் வகுப்பில் பேசியது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் கேட்கவில்லை. எண்ணக் கற்றுக்கொடுத்தவரே எண்ணாதே என்றால் எப்படி நிற்கும்? வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது தரையில் பதினேழு புளியங்கொட்டைகள். பின்கூடத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவர் எடுத்துப் போட்டார். சனிக்கிழமை இருபத்திரண்டு. ஞாயிறன்று பாடக் குறிப்பு எழுத வந்தவர் பேனாவைத் திறக்கவே இல்லை. மேலத்தெரு முடிந்து, கோயிலைச் சுற்றி, அம்மாசியின் வீடு இருந்த ஏரித்தெருவுக்குக் கொட்டைகள் வந்துவிட்டிருந்தன. தினமும் வந்து குனிந்து பொறுக்குவார், பைக்குள் போடுவார், இன்ஸ்பெக்டர் வரும் நாளை எண்ணுவார். வீட்டில் சோறு இறங்கவில்லை. நல்லம்மாள் கேட்டதற்குப் பல்வலி என்றார்.

வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. வெள்ளியும் இல்லை. சனியும் இல்லை. நாச்சிமுத்து கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தார். சாக எலியே மிச்சமில்லாமல் போய்விட்டது, எலியை விட்ட தெள்ளுப்பூச்சி இனி மனுஷனைத் தேடும் என்ற எண்ணம் படித்த அந்த மண்டையில் ஏறவே இல்லை. ஏற அவர் விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஆஜர் எடுத்தபோது ஏழு பேர் வரவில்லை. மாரியாயியும் வரவில்லை. காய்ச்சல் என்றது ஒரு பிள்ளை. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஏரித்தெருவுக்கு நடந்தார். ஓட வேண்டும் போலிருந்தது, ஓடினால் ஊர் பார்க்கும் என்று நடந்தார்.

அம்மாசி குழிக்குள் காலை விட்டபடி நெய்துகொண்டிருந்தான். வாத்தியாரைக் கண்டதும் எழப் பார்த்தான். பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து மேல் சுடுகிறது, இன்னும் நாலு முழம்தான் பாக்கி, அறுத்ததும் வைத்தியரிடம் தூக்கிப் போகிறேன் என்றான். உள்ளே தறிக்குப் பின்னால் பாயில் மாரியாயி கிடந்தாள். கண் சிவந்திருந்தது. வாத்தியாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாக்குக் குழறியது. இடது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. தொடப் போனவரின் கையை அவள் தட்டிவிட்டாள். அவ்வளவு வலி.

அதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை, நெருப்புப் பிடித்தால் அடிப்பதுபோல அடித்தார். தறியை விட்டு வந்த ஜனத்தையெல்லாம் பின்கூடத்தில் தரையைச் சுற்றி நிற்க வைத்தார். பையைக் கவிழ்த்தார். இருந்த பிள்ளைகளைப் பார்த்து, எங்கே எங்கே வைத்தீர்களோ அங்கேயே திரும்ப வைங்க என்றார். பிள்ளைகள் மறக்கவில்லை. ஒவ்வொன்றாக வைத்தார்கள். நூற்றுக்கு மேல் போயிற்று. வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு மற்றவர்கள் வைத்தார்கள்.

ஒவ்வொருத்தரும் முதலில் தன் வீட்டைத் தேடினார்கள், பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். பொம்பளை ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள். சின்னுசாமி கடைசியில் நின்றிருந்தார். தன் கொட்டடி இருந்த இடத்தில் தரையே தெரியாததைப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பாவை அறுத்துப் போடுங்க என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

அன்று மத்தியானம் தெருத் தெருவாகப் பாவு அறுத்தார்கள். இழுத்துக் கட்டிய நூல் கத்தி பட்டு விடும்போது வரும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. பொழுது இறங்குவதற்குள் ஊர் காட்டுக்குப் போய்க் கொட்டகை போட்டது. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் பூட்டிய பள்ளிக்கூடத்தையும் காலித் தெருவையும் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தரையை அவர் பார்க்கவில்லை.

ஒன்பது பேர் செத்தார்கள். திங்கட்கிழமையாவது கிளம்பினோமே, இல்லாவிட்டால் ஊரில் பாதி போயிருக்கும் என்று வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவரை அறைந்தது. ஒன்பதில் நாலு அவருடைய வகுப்புப் பிள்ளைகள். மாரியாயி புதன்கிழமை போனாள்.

பதினாறு நாள் கழித்து அம்மாசியின் கொட்டகைக்கு அவர் போனார். தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். கொட்டையை எண்ணிய அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும், அவன் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மாசி அவரைச் சொல்ல விடவில்லை. கட்டிலைத் துண்டால் தட்டிப்போட்டு உட்கார வைத்தான். தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். தப்பு அவனுடையதாம்.

“ரெண்டு எலி உளுந்தன்னிக்கே எனக்குப் பயந்தானுங்க சாமி. கெளம்பீரலாமான்னு இருந்தேன். என்ற புள்ளதான், சார்கிட்டச் சொல்லீட்டேன், அவரு கணக்குல வச்சுக்கிட்டாருன்னு சொல்லுச்சுங்க. வாத்தியாருக்குத் தெரிஞ்சா அவரு சும்மா இருப்பாரா, அப்படியேதும் இருந்தாச் சொல்லியிருப்பாரேன்னு மறுக்காத் தறியில எறங்கீட்டனுங்க.”

நாச்சிமுத்து வாய் திறந்தார். அம்மாசி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அதை வாங்கிக் குடித்துவிட்டு, வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.