சாந்திக்கும் ஒரு ஹெய்

பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். ஒஸ்லோவில் இத்தனை வருடம் பஸ் ஓட்டுகிறேன், ஆளில்லாத கடைசித் தரிப்பிடங்களில் தனியாக நின்றிருக்கிறேன், ஒன்றும் என்னைப் பிடிக்கவில்லை. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்கமாட்டேன், நானே சிரித்திருப்பேன்.

என் மனைவி சாந்திக்கு மலை என்றால் பைத்தியம், வேலையிடத்து நோர்வேஜியப் பெண்கள் பழக்கிவிட்டது. போன வருடக் கோடையில் விடியற்காலை தனியாக ஏறியவள், மரங்கள் முடிந்து வெறும் பாசியும் கல்லும் தொடங்குகிற இடத்தில் நெஞ்சடைத்து விழுந்துவிட்டாள். யாரோ ஏறிவந்து பார்த்தபோது உயிர் இல்லை. கடைசி நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆளாவது இருந்ததா என்று பொலிசைக் கேட்டேன், டொக்டரைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒன்றுதான் என்னைத் தின்றது.

வருடம் திரும்பி, ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு அந்த இடத்துக்கு வெளிக்கிட்டேன்.

"தனியப் போகாதேங்கோ அப்பா, நானும் வாறன்" என்று லோறென்ஸ்கூக்கில் இருக்கிற மகள் முதல் நாள் இரவு டெலிபோனில் அழுதாள்.

"நீ படு பிள்ளை, நான் போட்டு வந்திடுவன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. மரங்கள் குட்டையாகி, முழங்காலளவு பற்றையாகி, பிறகு அதுவும் இல்லை. சாம்பல் நிறப் பாசி, ஈரக் கல், காற்று. அவளைக் கண்டெடுத்தவர்கள் அங்கே கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், குழறி அழுதேன். பிறகு என்ன நினைத்தேனோ, "எழும்பும் சாந்தி, இஞ்சை குளிருது, வீட்டை போவம்" என்றேன். வாயில் வந்தது, அவ்வளவுதான்.

இறங்கும்போது எதிரே ஒரு வயதான நோர்வேஜியப் பெண் தடியூன்றி வந்தார். இந்தச் சனத்தின் பழக்கம் தெரியும்தானே, நான் இருக்கிற அம்மருட் மாடிக்கட்டடத்தில் ஒரே லிஃப்டில் வருடக்கணக்காகப் போனாலும் முகம் பார்க்காது, மலையில் கண்டால் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஹெய் என்று வணக்கம் சொல்லாமல் விடாது. ஒற்றையடிப் பாதை என்பதால் அவர் விலகிப் பாசியில் நின்று எனக்கு ஹெய் சொன்னார், நானும் சொன்னேன். ஆனால் பாதைக்கு அவர் திரும்பவில்லை. இன்னொரு ஆள் கடக்கட்டும் என்று நிற்பவர் போல நின்று, எனக்குப் பின்னால் பார்த்து, சிரித்து, இன்னொரு ஹெய் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன். ஐயோ, ஒருவரும் இல்லை.

"யாருக்குச் சொன்னீர்கள்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"கொஞ்சம் மெதுவாகப் போங்கள். பாவம், அவருக்கு மூச்சு வாங்குகிறது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நான் மெதுவாகத்தான் இறங்கினேன். இடையிடையே நின்றேன். "ஆறுதலா வாரும், அவசரமில்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை; இல்லை என்று கண்டால் பிறகு நான் என்ன செய்வது?

காரடிக்கு வந்து, அவள் எப்போதும் இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது, நீங்களே சொல்லுங்கள். மழை தூறத் தொடங்கியது. கதவைச் சாத்திவிட்டு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டேன்.

அவள் ஏறினாளோ, ஏறுவதற்குள் நான் சாத்திவிட்டேனோ, அது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.