அவரை வாசித்தவர்கள்

மார்த்தாண்டத்திலிருந்து வடசேரிக்குப் போகும் பஸ்ஸில், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி கண்ணயர்ந்திருந்தேன். ஒரு விரல் என் கன்னத்தை மெல்லத் தொட்டது. பக்கத்தில் மெலிந்த மனிதர், மடியில் தொப்பி. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராம். வெளியே வயல்கள் மிதந்துபோக, அவர் மட்டும் பயணிகளின் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறங்கும்போ துப்பிரணும் அண்ணாச்சி. வெத்தலைய அடக்கிவைக்கிற கன்னத்துலதான் புத்துநோய் வருது.”

“அப்படி எங்க எழுதியிருக்கு?” என்றேன் எரிச்சலோடு.

“நாந்தான் எழுதியிருக்கேன். சீமையில பெரிய டாக்டர்மாரெல்லாம் வாசிக்காவ.” லேசாகச் சிரித்தார். “ஆனா அங்க ஒருத்தரும் வெத்தல போடமாட்டாவ.”

நான் ஜன்னல் வழியாகத் துப்பினேன். அவர் தக்கலையில் இறங்கிப் போய்விட்டார்.

இன்றும் கண் சொக்கும்போதெல்லாம் என் நாக்கு கன்னத்தைத் துழாவி, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. சீமைக்காரர்கள் அவரை எப்படி வாசித்தார்களோ, நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.