விரத வீட்டில் பூண்டு வாசம்

எனக்கு அப்போது ஏழு வயது. ஆனால் மூக்கு மட்டும் எழுபது வயதுக்காரியுடையது. சோறு அடிபிடிப்பதை அம்மாவுக்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது.

தைப்பூசக் காவடிக்கு வீடே விரதம். மீன் கிடையாது, பூண்டு கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே பால்குடம் எடுப்பதாகச் சித்தி வேண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவோ ஊர்வலத்துக்கென்று தலைநகர் போர்ட் லூயியிலிருந்து கார்பைட் விளக்கும் அதற்கான கல் ஒரு டின்னும் வாங்கி வந்தார். அந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும். அதுதான் விளக்காய் எரியும். ஈரம் படாமல் இறுக்கி மூடி வைக்கச் சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தாராம். சித்தப்பா ஊருக்கெல்லாம் வேடிக்கை காட்டிவிட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்து டின்னைச் சாமான் அறையில் போட்டார்.

மூன்று நாள் விடாத மழை. கரும்புச் சோகைக் கூரை ஒழுகியது. விரதத்தின் எட்டாம் நாள் காலை அந்த அறைப் பக்கம் போனவள் கத்தினேன்: "அம்மா, பூண்டு வாசம் வருது! சித்தி ஒளிச்சு வச்சிருக்காங்க!"

ஒளித்து வைத்ததை நான் எங்கே கண்டேன்? வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அம்மா சாமியாடாத குறை. "விரத வீட்டுல பூண்டா? உங்க வீட்டுப் பழக்கமா இது? இனிமே பால்குடத்தைத் தொடாதே!"

"முருகன் சத்தியமா இல்லக்கா. நீங்களே வந்து பாருங்க" என்று அழுதபடி, சன்னல் இல்லாத அந்த அறைக்குள் மண்ணெண்ணெய் விளக்கோடு சித்தி நுழைந்தாள்.

குப்பென்று தீ பிடித்தது.

சித்தப்பா பாய்ந்து அவளை வெளியே இழுத்தார். கைகளும் ஒரு கன்னமும் வெந்திருந்தன. ஒழுகிய நீர் டின்னுக்குள் இறங்கியிருந்தது. பூண்டென்று நான் மோப்பம் பிடித்தது அந்தக் கல்லின் வாயுவைத்தான். எல்லோரும் மழையைத் திட்டினார்கள், கூரையைத் திட்டினார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. அன்றே முதுகில் நாலு வைத்திருந்தால் இத்தனை வருஷம் இப்படி உறுத்தியிருக்காது.

காவடியன்று சித்தி கைகளில் எண்ணெய்த் துணி சுற்றிப் படுத்திருந்தாள். ஊர்வலம் பார்த்துவிட்டு நான் ஓடி வந்தேன்.

"அக்கா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா, கண்ணு?"

யோசித்துப் பார்த்து, "கதவு கருகிப்போச்சேன்னு சொன்னாங்க" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காயம்தான் எரிகிறது என்று நினைத்து விசிறியை எடுத்து வீசினேன். 'நீ பூண்டு வைக்கலைம்மா' என்று யாராவது ஒருவர் வந்து சொல்வதற்காக அவள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதை நானே சொல்லியிருக்கலாம்.