அடுக்கில் குறைந்த மூன்று புத்தகங்கள்

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் நான்தான் போலீஸ். அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் அப்பா. வீட்டிலுள்ள புத்தகங்கள் எல்லாம் அன்று சாமி முன்னால் இருக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை எழுத்துள்ள எதையும் ஒருவரும் தொடக் கூடாது. மற்ற வீடுகளில் பேருக்கு நாலு புத்தகம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் பழைய பேப்பர்கூட மிஞ்சாது. வீட்டுப்பாடம் செய்யாமலிருக்கச் சாமியே உத்தரவு போட்ட நாள் என்பதால் எனக்கு அதில் பூரண சம்மதம். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் அந்த இரண்டு நாள் லீவு.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலே பேர். அத்தை ரேஃபிள்ஸ் பிளேஸில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தாள். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியாகப் படித்துப் பட்டமும் வாங்கியிருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொருளியலில் மேல்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொண்ணு டிகிரின்னு சொன்னதுமே பாதிப் பேரு வந்த வழியே போயிட்டான். இதுக்கு மேல படிச்சா மீதிப் பேரும் போயிருவான்" என்றார். ஒரு வாரம் வீட்டில் சண்டை நடந்தது. கடைசியில் சமரசம் ஆயிற்று. அத்தை ஒரே ஒரு தடவை தேர்வு எழுதலாம். இடம் கிடைக்காவிட்டால், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சரி சொல்லிவிட வேண்டும். அத்தை சம்மதித்தாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை பஸ்ஸில் படித்தாள், ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள், சோறு வடிக்கும்போது சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துப் படித்தாள். ஒருமுறை பார்வை சுவரில் இருந்ததால் கஞ்சி காலில் கொட்டியது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளைக் காகிதம் காகிதமாக வரைவாள். கத்தரிக்கோல் வரையத் தெரியாமல் கஷ்டப்படுகிறாளே என்று நான் ஒன்றுக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தேன். அத்தை அதைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்திய நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். தேர்வு நாளையும் சேர்த்து இரண்டே நாள்தான் தரமுடியும் என்று கம்பெனித் துரை கையெழுத்துப் போட்டார். ஆபீஸில் தொங்கிய காலண்டரில் அது சாதாரண நாள். வீட்டுக் காலண்டரைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூஜைச் சாமான் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்குப் போக வேண்டும் என்று அப்பா பேச்செடுத்தபோதுதான் அத்தையின் முகம் மாறியது. தேர்வு விஜயதசமியன்று. அரும்பாடுபட்டு வாங்கிய லீவோ சரஸ்வதி பூஜையன்று.

பூஜையன்று காலையில், "அண்ணே, இந்த ஒரு வருஷம் மட்டும்" என்று அத்தை இழுத்தாள்.

"படிப்பைக் குடுக்குறதே அவதான்மா. ஒரு நாள் அவகிட்ட இருக்கட்டுமே" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் மனதார நம்பினார்.

அத்தை தன்னுடைய மூன்று தடிப் புத்தகங்களையும் கொண்டுவந்து அடுக்கின் உச்சியில் வைத்தாள். அப்பா பட்டுத் துணியைப் போர்த்திப் பூஜையை முடித்துவிட்டு, என்னிடம் "பாத்துக்கோ" என்று சொல்லித் துறைமுக வேலைக்குப் போனார்.

அத்தை அந்த அடுக்கின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பத்து மணிக்கும் உட்கார்ந்திருந்தாள், பதினொன்றுக்கும் உட்கார்ந்திருந்தாள். நினைவிலிருந்து எதையோ தேடித் தேடி, கிடைக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த அம்மா இதை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டு, துணியை விலக்கி அந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து அத்தையின் மடியில் வைத்தாள்.

"வேணாம்லா அண்ணி. அண்ணனுக்குத் தெரிஞ்சா நாளைக்குப் போகவே விடமாட்டாரு."

"அவரு வர்றதுக்குள்ள திருப்பி வச்சிடலாம். நீ உள்ள போயிப் படி."

நான் சும்மா இருப்பேனா? "சாமி குத்தம்" என்றேன்.

"குத்தம்னா அது என்னைச் சேரட்டும். நீ போயி வடை தின்னு" என்றாள் அம்மா.

மூன்று தடிப் புத்தகங்கள் போனதில் அடுக்கு குட்டையாகிவிட்டது. அப்பாவின் கண்ணுக்கு அது தப்பாது. அம்மா அடுக்கின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்த தன் தகரப் பெட்டியை இழுத்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பழுப்புத்தாள் அட்டை போட்ட சில புத்தகங்களை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்து, துணியைப் போர்த்தினாள். அம்மாவின் கையில் புத்தகம் இருந்து நான் பார்த்ததே கிடையாது. ஆனால் அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், அட்டை இப்படிக் கிழிந்திருந்தால் எங்கள் டீச்சர் திட்டுவாரே என்பதுதான்.

அப்பா வழக்கமாக ஆறு மணிக்கு வருவார். அன்று மழையால் வேலை நின்றுபோய் மூன்று மணிக்கே வந்து அடுக்கின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டார்.

"யாராச்சும் தொட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றிய காப்பி தரையில் சிந்தியது. என்னைத் திட்டாத நாளில்லாத அம்மா, என்னைப் பார்த்துப் பயந்து நின்றது அன்றைக்குத்தான். எனக்கு அது தாங்கவில்லை. "இல்லப்பா" என்றேன். அத்தைக்குத் தலைவலி என்று அம்மா சொன்னாள். அத்தையின் அறைக்கதவு மூடியே இருந்தது. திருப்பி வைக்க வழியே கிடைக்கவில்லை.

விடிந்தது. அத்தை புறப்பட்டு நின்றாள். மூன்று புத்தகங்களும் அவள் தோள்பையில் இருந்தன. அப்பா கற்பூரம் காட்டி முடித்துத் துணியை எடுத்தார். மேலே இருந்த பழுப்பு அட்டைப் புத்தகத்தைக் கையிலெடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அம்மாவின் பெயர், அவள் அப்பாவின் முதலெழுத்தோடு. கீழே, ஏழாம் வகுப்பு.

அத்தையின் பையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வீடு இரண்டாகப் போகிறது என்று நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அந்தச் சீட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு அந்தப் புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா. விஜயதசமியும் அதுவுமா சும்மா வாங்கி வைக்கக் கூடாது. ரெண்டு வரி படி."

அம்மா தரையில் உட்கார்ந்து பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், நடுவில் நூல் வைத்திருந்த ஓர் இடத்தில் நிறுத்தி, மழை எப்படி உண்டாகிறது என்ற பாடத்தை வாசித்தாள். முதலில் தடுக்கியது. பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல ராகம் போட்டு வாசித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை ஏனோ அழுதாள். அப்பா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்று அத்தையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அத்தைக்கு இடம் கிடைத்தது. புக்கிட் பாஞ்சாங்குக்கு அப்பாவே போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று அவர்கள் இருவரும் படியிறங்கிப் போன பிறகும் அம்மா வாசிப்பை நிறுத்தவில்லை. விஜயதசமியன்று முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த சட்டம். போலீஸ் வேலை இன்னும் முடியவில்லையே.

"ஏம்மா நடுவுலேருந்து படிக்கிறீங்க?"

"அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் படிச்சாச்சு. இங்கதான் நிறுத்துனாங்க" என்றாள் அம்மா, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளிக்கூடத்தில் லீவு விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.